அமெரிக்க ஊர்க் கம்பெனிகளின் அரிய சோல், ஃபங்க் சிங்கிள்கள்: சேகரிக்க முழுமையான வழிகாட்டி

1960களிலும் 70களின் முதல் பாதியிலும் அமெரிக்காவின் ஒவ்வொரு நகரத்திலும் சின்னச் சின்ன இசைத்தட்டு கம்பெனிகள் இருந்தன. சில நூறு பிரதிகள் அடிப்பார்கள், உள்ளூர் வானொலிக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் கொடுப்பார்கள், அத்தோடு முடிந்துவிடும். அவற்றில் சோல், ஃபங்க் என்ற கறுப்பின அமெரிக்க இசை வகைகளில் வந்த 7 அங்குல, நிமிடத்துக்கு 45 சுழற்சி சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகளை) சேகரிப்பதுதான் இங்கே பொருள்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் வாங்குகிறார்கள், பிறகு படிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: ஊரைத் தெரிந்துகொள்வது, கேட்பது, தட்டை வாசிக்கப் பழகுவது, அதன் பிறகே பணம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த படியில் காசு வீணாகும்.

1. ஒரே ஒரு நகரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"அரிய சோல் சிங்கிள்" என்று பொதுவாகத் தேடினால், ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த, விலை ஏறிப்போன நூறு தட்டுகள்தான் கண்ணில் படும். ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டால், கம்பெனிகள், ஸ்டுடியோக்கள், தட்டு அடித்த ஆலைகள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும். தெரியாத பெயர் ஒன்று வரும்போதும் அது எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்று ஊகிக்க முடியும்.

தொடங்குவதற்கு ஒஹாயோ மாநிலம் நல்ல இடம். சின்சினாட்டியில் கிங் ரெக்கார்ட்ஸ் ஒலிப்பதிவு, தட்டு அடித்தல், அச்சு வேலை என்று எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தது. அதே ஊரில் ரைட் என்ற ஆலை, காசு கொடுக்கும் யாருக்கும் சிறிய அளவில் தட்டு அடித்துக் கொடுத்தது. தேவாலயப் பாடகர் குழு முதல் தெருமுனை ஃபங்க் குழு வரை அங்கே வந்தார்கள். கொலம்பஸ் நகரில் வானொலி அறிவிப்பாளர் பில் மாஸ் நடத்திய காப்சோல் கம்பெனி, ஒரு டஜன் சிங்கிள் அளவுக்கு வெளியிட்டுவிட்டு நின்றுபோனது. முழுப் பட்டியலையும் மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு அது.

டெட்ராய்ட், சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், மயாமி எல்லாம் செழிப்பான ஊர்கள்தான். ஆனால் அங்கே போட்டியும் விலையும் அதிகம். முதல் ஆண்டுக்கு வேண்டாம்.

2. வாங்கும் முன் கேளுங்கள், பட்டியல் போடுங்கள்

மறுவெளியீட்டுத் தொகுப்புகள்தான் மலிவான பாடசாலை. சிகாகோவின் மறுவெளியீட்டுக் கம்பெனியான நூமெரோ குரூப் 2004-ல் வெளியிட்ட முதல் தொகுப்பே காப்சோல் பாடல்கள்தான். இப்படிப்பட்ட தொகுப்புகளோடு வரும் குறிப்பேடுகளில் கம்பெனி வரலாறு, கலைஞர் பெயர்கள், ஸ்டுடியோ விவரம் இருக்கும். பாட்டைக் கேட்டுக்கொண்டே அவற்றைப் படியுங்கள்.

பிறகு ஒரு விரிதாள் திறந்து, உங்கள் நகரத்தின் ஒவ்வொரு கம்பெனிக்கும் வெளியீட்டு எண்களை வரிசையாக எழுதுங்கள். இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் 45கேட், டிஸ்காக்ஸ் ஆகிய இரண்டு இணையதளங்களையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் விடுபட்டது மற்றதில் இருக்கும். 101, 102, 104 என்று வந்து 103 இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். பின்னாளில் யாருக்கும் தெரியாத ஒரு தட்டு கையில் சிக்கும்போது அந்தக் காலியிடம்தான் அதை அடையாளம் காட்டும்.

தயாரிப்பாளர் பெயரையும், பாடலின் எழுத்துரிமையைக் கவனிக்கும் பதிப்பக நிறுவனத்தின் பெயரையும் தனிப் பத்திகளில் குறியுங்கள். சிறிய கம்பெனிகள் பெயரை அடிக்கடி மாற்றும். பதிப்பகப் பெயரை அவ்வளவு எளிதில் மாற்றாது. வேறு கம்பெனிப் பெயரில் அதே பதிப்பகம் தென்பட்டால், பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

3. கருவிகளைத் தயார் செய்யுங்கள்

அமெரிக்க சிங்கிள்களின் நடுத்துளை 38 மில்லிமீட்டர். நம் ஊரில் வந்த சினிமாப் பாட்டு இ.பி. தட்டுகளில் இருப்பது சின்னத் துளை. ஆகவே அடாப்டர் தேவை. தளர்வான பிளாஸ்டிக் அடாப்டர் வேண்டாம். தட்டு மையம் விலகிச் சுழலும், நீண்ட சுரங்கள் அலையும். அலுமினிய அடாப்டர் ஒன்று ஆயுளுக்கும் போதும்.

ஊசி விஷயத்தில், கோள முனை கொண்ட கோனிக்கல் ஊசிதான் இந்த வகைத் தட்டுகளுக்குப் பொருத்தம். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95சி போன்ற கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) போதும். அது தட்டின்மேல் அழுத்த ஏற்ற எடை 2 கிராம். எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்துக் குறைப்பது பரவலான தவறு. பள்ளத்தில் சரியாக உட்காராத ஊசி குதித்துக் குதித்துச் சுவரைச் சிதைக்கும். டிஜிட்டல் ஊசித் தராசு மலிவுதான், வாங்கிவிடுங்கள்.

இந்த சிங்கிள்களில் பெரும்பாலானவை மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். பள்ளத்தின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் ரத்தாகி, சத்தம் தெளியும்.

அமெரிக்காவிலிருந்து பழைய ரெக்கார்ட் பிளேயர் கொண்டுவர நினைத்தால் ஓர் எச்சரிக்கை. ஏசி மோட்டார் உள்ளவை 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. 110 வோல்ட் மாற்றி வைத்தாலும், நம் 50 ஹெர்ட்ஸில் 45 சுழற்சி 37.5 ஆகிவிடும்.

இவற்றோடு 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும், கழுத்து வளைகிற மேசை விளக்கு ஒன்றும் வேண்டும்.

4. வினைலா, ஸ்டைரீனா என்று பிரித்தறியுங்கள்

இதைத் தெரியாமல் ஒரு தட்டும் வாங்காதீர்கள். தட்டு செய்யப் பயன்பட்ட இந்த இரண்டு பிளாஸ்டிக்குகளும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பழுதாகும் விதம் வேறு.

வினைல் தட்டைச் சூடாக்கி அழுத்திச் செய்வார்கள். லேபிள் தாள் அப்போதே தட்டோடு பதிந்துவிடும். ஸ்டைரீனை உருக்கி அச்சுக்குள் பீய்ச்சிச் செய்வார்கள். லேபிளைப் பிறகு ஒட்டுவார்கள். எனவே லேபிளின் ஓரம் மேலெழும்பியிருந்தாலோ, உரிந்திருந்தாலோ ஸ்டைரீனாக இருக்க வாய்ப்பு அதிகம். விரல் நகத்தால் விளிம்பை மெல்லத் தட்டினால் ஸ்டைரீன் "டிக்" என்று கூர்மையாகக் கேட்கும். வினைல் மங்கலாகக் கேட்கும்.

ஸ்டைரீன் கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. மழுங்கிய ஊசியும் அதைத் தாங்கும் கனமான பிளேயர் கையும் சில முறை ஓடினாலே பள்ளம் எரிந்ததுபோல் ஆகிவிடும். கண்ணுக்குப் பளபளவென்று தெரியும் தட்டு, பாடகரின் குரல் உயரும் இடத்தில் எல்லாம் "ஸ்ஸ்ஸ்" என்று சீறும். எந்தச் சுத்தமும் அதைச் சரிசெய்யாது. வானொலி நிலையப் பிரதிகளில் இன்னொன்றும் உண்டு: அறிவிப்பாளர்கள் பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்கத் தட்டை முன்னும் பின்னும் கையால் ஆட்டியதால், முதல் சில நொடிகள் மட்டும் தேய்ந்திருக்கும்.

பெரிய அளவில் அடிப்பதற்கே ஸ்டைரீன் இலாபம். கொலம்பியா ரெக்கார்ட்ஸின் ஆலைகளும் லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க்கும் அதையே பயன்படுத்தின. டெட்ராய்டில் 1965-ல் தொடங்கிய ஆர்ச்சர், நாஷ்வில்லின் சதர்ன் பிளாஸ்டிக்ஸ், சின்சினாட்டியின் ரைட் ஆகியவை வினைல். ஆக, எந்த ஆலை என்று தெரிந்தால் எந்தப் பொருள் என்பதும் தெரியும்.

5. லேபிளையும் டெட்வாக்ஸையும் வாசியுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரத்தை அதிகம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான ஊர் சிங்கிள்களில் வெளியான ஆண்டு அச்சாகியிருக்காது. ஆனால் தட்டே அதைச் சொல்லும்.

முதலில் முகவரி. அமெரிக்காவில் 1963 ஜூலை 1 அன்றுதான் ஐந்து இலக்க ஜிப் எண் (அஞ்சல் குறியீட்டு எண்) வந்தது. அதற்கு முன் பெரிய நகரங்களில் ஊர்ப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்க மண்டல எண் மட்டும் இருக்கும். கிங் ரெக்கார்ட்ஸின் பழைய முகவரி "சின்சினாட்டி 7, ஒஹாயோ" என்று முடியும். ஜிப் வந்த பிறகு அதே இடம் 45207. மண்டல எண் அப்படியே கடைசி இரு இலக்கமாகச் சேர்ந்ததைக் கவனியுங்கள். லேபிளில் ஜிப் எண் இருந்தால் அந்தத் தட்டு 1963-க்கு முந்தையது அல்ல. மண்டல எண் இருந்தால் பழையதாக இருக்கலாம். ஆனால் பழைய அச்சுக்கட்டையை ஓரிரு ஆண்டு விடாமல் பயன்படுத்தியவர்களும் உண்டு. அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து, வட்டத்துக்குள் "பி" எழுத்து. ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு 1972 பிப்ரவரி 15 முதல் வந்தது. இந்தக் குறி அதையொட்டிப் பரவியது. 1966-ல் வந்த அசல் என்று விற்கப்படும் தட்டில் இந்தக் குறி இருந்தால் அது பிந்தைய பதிப்பு.

இனி டெட்வாக்ஸ்: பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையம். விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் வைத்து, தட்டை மெல்லச் சுழற்றுங்கள். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கீறல் எழுத்துகள் தெரியவே தெரியாது. கையால் கீறியது எது, உலோக முத்திரையால் குத்தியது எது என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மோனார்க் தட்டில் ஒரு சிறிய முக்கோணமும் அதன்பின் ஓர் எண்ணும் கையால் கீறப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் அதே எண்ணோடு "எக்ஸ்" சேர்ந்திருக்கும். அந்த எண்கள் காலவரிசையில் ஏறிக்கொண்டே போனவை. தேதி தெரிந்த இன்னொரு தட்டின் முக்கோண எண்ணோடு ஒப்பிட்டால், உங்கள் தட்டு அடிக்கப்பட்ட காலத்தை நெருங்கிச் சொல்லலாம்.

பெரிய இசைத்தட்டு கம்பெனியான ஆர்.சி.ஏ.-வின் ஆலையில் வெளியாருக்காக அடித்த தட்டுகளில் குறியீட்டின் முதல் எழுத்தே ஆண்டைக் காட்டும்: "எஸ்" 1965, "டி" 1966, "யூ" 1967. ரைட் தட்டுகளில் இரண்டு பக்கத்துக்கும் அடுத்தடுத்த ஐந்து இலக்க எண்கள் வரும்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நியூயார்க் ஸ்டுடியோவான "பெல் சவுண்ட்" போன்ற முத்திரைகள், அச்சு எடுப்பதற்கான மூலத்தட்டை வெட்டிய இடத்தைக் காட்டுபவை. தட்டு அடித்த ஆலையை அல்ல. நியூயார்க்கில் வெட்டிய மூலத்தை வேறு ஊரில் அடித்திருக்கலாம். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் பட்டியலே குழம்பிவிடும்.

6. அசலைக் கள்ளப் பதிப்பிலிருந்து பிரியுங்கள்

இங்கிலாந்தின் வட பகுதி நடன அரங்குகளில் இந்தப் பாட்டுகளுக்கு மோகம் எழுந்த 1970களிலேயே கள்ளப் பதிப்புகள் வந்துவிட்டன. அவையும் இன்று பழையவை. பழுப்பேறிய தாள் உறையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பார்க்க வேண்டியவை: லேபிளின் சின்ன எழுத்துகள் உருப்பெருக்கியில் உடைந்தோ பரவியோ தெரிகின்றனவா? அசலில் ஆலை முத்திரை குத்தியிருக்க, இதில் எல்லாம் ஒரே கையால் கீறியிருக்கிறதா? அசல் ஸ்டைரீனாக இருக்க, இது வினைலா? பாட்டு தொடங்கும் முன்னரே வேறொரு தட்டின் "சட்சட்" ஒலி உள்ளே பதிவாகியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் சந்தேகமே வேண்டாம், தட்டிலிருந்து தட்டுக்கு நகல் எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் வினைல், ஸ்டைரீன் வேறுபாடு மட்டுமே தீர்ப்பு ஆகாது. உள்ளூரில் பாட்டு ஓடத் தொடங்கியதும் இன்னொரு ஆலையிலும் அடிக்கக் கொடுத்த கம்பெனிகள் உண்டு, இரண்டுமே அசல்தான். பெரிய கம்பெனி உரிமை வாங்கித் தேசமெங்கும் வெளியிட்ட பாட்டுகளும் இருக்கின்றன. அப்போது ஊர்க் கம்பெனியின் முதல் பதிப்பு அரிது, தேசியப் பதிப்பு மலிவு. பாட்டுதான் வேண்டுமென்றால் இரண்டாவதைத் தயங்காமல் வாங்குங்கள். பல நேரம் அதில் சத்தமும் மேல்.

7. கிரேடைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

கிரேடு என்பது தட்டின் நிலைமைக்குக் கொடுக்கும் தரம். விற்பனையில் கோல்ட்மைன் அளவுகோல் புழங்குகிறது: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் பிளஸ், குட், அதற்குக் கீழே ஃபேர், புவர். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். "குட்" என்றால் நல்லது அல்ல. தொடர்ந்து இரைச்சல் போடும் தட்டு. தொடங்குபவருக்கு வெரி குட் பிளஸ் சரியான இலக்கு.

கண்ணால் பார்த்துக் கொடுத்த கிரேடா, ஓட்டிக் கேட்டுக் கொடுத்ததா என்று பாருங்கள். வினைலில் மயிரிழைக் கீறல் நிறைய இருந்தும் சுத்தமாகப் பாடலாம். ஸ்டைரீனில் பளபளப்பு இருந்தும் சீறலாம். எனவே ஸ்டைரீனுக்குக் கண் கிரேடு மதிப்பே இல்லை.

லேபிளில் பேனா எழுத்து, நிலைய முத்திரை, கழித்துக்கட்டிய சரக்கு என்பதற்கான துளை இவையெல்லாம் விலையைக் குறைக்கும், சத்தத்தைத் தொடாது. குறைந்த பணத்தில் நல்ல சத்தம் வேண்டுபவருக்கு இவைதான் வரம்.

8. விலையைக் கணித்துக்கொள்ளுங்கள்

விற்பனைக்குப் போட்டிருக்கும் விலை வெறும் ஆசை. விற்று முடிந்த விலைதான் கணக்கு. டிஸ்காக்ஸின் விற்பனை வரலாற்றையும், ஏலமுடிவுகளைத் தொகுக்கும் பாப்சைக்கையும் பாருங்கள். உச்ச விலையை விட்டுவிட்டு, உங்கள் கிரேடுக்கு இணையான கடைசி நான்கைந்து விற்பனைகளின் நடு விலையை எடுங்கள்.

அதோடு அஞ்சல் செலவு, சுங்கம், வங்கி அட்டைக் கட்டணம் மூன்றையும் கூட்டிய பிறகே உச்சவரம்பை எழுதுங்கள். ஏலத்தில் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. ஒரு தட்டுக்குத் தனி அஞ்சல் கொடுப்பதைவிட, ஒரே விற்பனையாளரிடம் நான்கைந்தைச் சேர்த்து வாங்குவது எப்போதும் இலாபம்.

9. பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

சுருக்கமாக, மரியாதையாகக் கேளுங்கள். வினைலா ஸ்டைரீனா? இரு பக்க டெட்வாக்ஸிலும் என்ன எழுதியிருக்கிறது? விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, விரிசல் உண்டா? முதல் இருபது நொடியையும், சத்தம் உச்சத்தில் இருக்கும் ஓர் இடத்தையும் பதிவுசெய்து அனுப்ப முடியுமா?

நல்ல விற்பனையாளர் இதற்கெல்லாம் பதில் சொல்வார். விலையுயர்ந்த தட்டுக்கு டெட்வாக்ஸ் படம் தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பொதி பற்றியும் சொல்லிவிடுங்கள்: தட்டைவிடப் பெரிய இரண்டு நெளி அட்டைகள், ஒன்றின் நெளிவு மற்றதற்குக் குறுக்காக, நடுவில் தட்டு. நெளிவு ஒரே திசையில் இருந்தால் அட்டை அந்தக் கோட்டில் மடங்கும். ஸ்டைரீன் அங்கேயே உடையும். சுங்கத்துக்கு விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். அது பொய்க் கணக்கு. பொதி தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

10. வந்ததும் சோதியுங்கள், பிறகு கழுவுங்கள்

பொதியைப் பிரிப்பதைப் படம் பிடியுங்கள். டெட்வாக்ஸை விற்பனையாளர் சொன்னதோடு ஒப்பிடுங்கள். விளிம்பு விரிசல் இருக்கும் தட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 1.33 நொடிக்கு ஒருமுறை, "டிக்" என்று தட்டும். அதைக் கேட்டால் உடனே ஊசியைத் தூக்குங்கள், விரிசல் ஊசியையும் பதம் பார்க்கும்.

கழுவ அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று துளி வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் போதும். மென்மையான தூரிகையால் பள்ளம் போகும் வட்டத் திசையிலேயே தேயுங்கள். பிறகு வெறும் வடிநீரால் கட்டாயம் அலசுங்கள். சோப்பு தங்கினால் அதுவே இரைச்சல். குழாய் நீரின் உப்பு பள்ளத்தில் வெள்ளையாகப் படியும்.

ஸ்டைரீன் தட்டின் லேபிள் ஒட்டியது என்பதை மறக்காதீர்கள். நீரில் முக்கினால் கழன்று வந்துவிடும். லேபிளை மறைக்கும் ரப்பர் மூடி போட்டு, பள்ளப் பகுதியை மட்டும் நனையுங்கள். ஆல்கஹால், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி எதுவும் கிட்டே வர வேண்டாம்.

11. நம் ஈரப்பதத்தில் பத்திரப்படுத்துவது

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் தட்டுக்கு முதல் எதிரி பூஞ்சை. கழுவிய தட்டு முழுவதும் உலர்ந்த பிறகே உறைக்குள் போகட்டும். அமிலமில்லாத தாள் உறை, அதன்மேல் பாலித்தீன் உறை. பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் வினைலில் மங்கலான படலம் ஏற்றிவிடும். பழைய கம்பெனி உறை ஈரம் பட்டிருந்தால் தட்டிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள்.

நிமிர்த்தி வையுங்கள், சாயவிடாதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள்.

12. நேரில் தேடுவதும் கலைஞர்களிடம் பேசுவதும்

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்களுக்கு, அல்லது அங்கே போய்வரும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு, ஐந்தாம் படி கைவந்த பிறகு களம் திறக்கும். ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாட்டு போடும் பெட்டி) நடத்தியவர்களின் கிடங்குகள், மூடிய வானொலி நிலையங்களின் சேமிப்பு, வீட்டுச் சாமான் விற்பனைகள் ஆகியவற்றில் பெயர் தெரியாத ஊர்த் தட்டுகள் இன்னமும் வருகின்றன. கையடக்கப் பிளேயர் ஒன்றைப் பேட்டரியோடு கொண்டுபோங்கள். ஜூக்பாக்ஸில் ஓடிய பிரதிகள் தேய்ந்திருக்கும். அதே கிடங்கில் ஓடாமல் மீந்த பிரதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

பில்போர்டு, கேஷ் பாக்ஸ் என்ற இசை வணிக ஏடுகளின் பழைய இதழ்கள் இணையத்தில் ஸ்கேன் ஆகியிருக்கின்றன. ஊர்ப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் சேர்த்துத் தேடினால் சிறிய விமர்சன வரிகள் கிடைக்கும். வெளியான மாதம் வரை அதில் உறுதியாகும்.

பாடியவர்களோ வாசித்தவர்களோ உயிரோடு இருந்தால், அவர்களிடம் இருக்கும் கடைசிப் பிரதியை ஐந்து டாலருக்குக் கேட்காதீர்கள். அந்தத் தட்டு இன்று என்ன விலைக்குப் போகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு அவர்கள் முடிவு செய்யட்டும். இவர்களில் பலருக்கு அந்தப் பாட்டிலிருந்து ஒரு காசு வந்ததில்லை. வாங்கினால் பாட்டின் நல்ல டிஜிட்டல் பதிவொன்றையும் லேபிள் படத்தையும் அவர்கள் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

தட்டு உங்களுடையது என்பதால் பாட்டு உங்களுடையது ஆகாது. 2018-ல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரை வெளியான அல்லது பதிவான ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு 2067 பிப்ரவரி 15 வரை நீடிக்கிறது. மறுவெளியீடு செய்ய ஆசையிருந்தால் உரிமையாளர் யார் என்று கண்டுபிடித்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்ட பிறகே தொடங்குங்கள்.